பஞ்ச், பஞ்சாமிர்தம், பஞ்சமர்: ஒரு கிளாஸ் தேசிக்காய்ச் சர்பத்தின் சரித்திரம்

பஞ்ச் என்றால் ஐந்து. பிறந்தநாள் வீடுகளிலும் எங்கட பற்ச் கெற்றுகெதர்களிலும் பெரிய கண்ணாடிச் சட்டிக்குள்ள தேசிக்காய் வட்டமும் புதினா இலையும் மிதக்க, மேல சோடா நுரைச்சுக்கொண்டு இருக்க, அகப்பையால அள்ளி ஊத்தித் தருவினமே, அந்தப் பஞ்ச்தான். யூடியூப்பில பாத்தால் அது ஏதோ அமெரிக்கக் கோடைகாலச் சாமான் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அந்தச் சொல் எங்கட பக்கத்துக் கடற்கரைகளில இருந்து கப்பல் ஏறிப் போன சொல். 1632 இல் கிழக்கிந்தியக் கொம்பனிக்காரர் ஒருவர் எழுதிய கடிதத்தில் ‘பஞ்ச்’ என்ற சொல் வருகிறது. ஆறு வருடம் கழித்து, 1638 இல், மண்டெல்ஸ்லோ என்ற ஜேர்மன் பயணி சூரத்தில் வெள்ளைக்காரர் குடிக்கும் ஒரு பானத்தைப் பற்றி எழுதுகிறார். சாராயம், பன்னீர், எலுமிச்சைச் சாறு, சீனி. சாராயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது சர்பத். பிறகு இந்தியாவைச் சுற்றிய ஜோன் பிரையர் என்ற வைத்தியர், இதில் ஐந்து சாமான் சேர்வதால்தான் இந்தப் பெயர், ஹிந்துஸ்தானியில் ‘பஞ்ச்’ என்றால் ஐந்து என்று விளக்கம் சொல்கிறார். சாராயப் பீப்பாவைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லில் இருந்து வந்தது என்று வாதாடுகிற சொல்லாராய்ச்சிக்காரரும் இருக்கினம். எனக்குப் பிரையரின் விளக்கத்தில்தான் விருப்பம். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

சர்பத்தின் கதை இன்னும் பழசு. அரபியில் குடித்தல் என்ற வேர்ச்சொல்லில் இருந்து வந்தது. பாரசீகம், துருக்கி, முகலாய அரண்மனை என்று சுற்றி எங்கட வாய்க்கு வந்து சேர்ந்தது. பாமசியில் காய்ச்சலுக்குத் தருகிற ‘சிரப்’பும் அதே வேர்தான். சின்ன வயசில மூக்கைப் பொத்திக்கொண்டு குடிச்ச மருந்தும் நோன்பு திறக்கிற நேரம் குடிக்கிற ரோஸ் நிறச் சர்பத்தும் ஒண்டுவிட்ட சகோதரங்கள். தேசிக்காய் மட்டும் எங்கேயிருந்தும் வரவில்லை, கிட்டத்தட்ட இங்கேயேதான் பிறந்தது. தோடை, நாரத்தை, எலுமிச்சைக் குடும்பம் முழுக்க இமயமலை அடிவாரத்தில், அசாம் பக்கத்தில், கிளைவிட்டது என்று 2018 இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் எலுமிச்சம்பழம் என்பார்கள். நாங்கள் தேசிக்காய் என்கிறோம், சிங்களவர் ‘தெஹி’ என்கிறார்கள். நாங்கள் தோடம்பழம் என்றால் அவர்கள் ‘தொடம்’ என்கிறார்கள். சட்டம் போட்டுப் பிரிச்ச இரண்டு மொழிகள் புளிப்பில மட்டும் ஒத்துப்போகுது.

சரி, பொங்குகிற விசயத்துக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்து ஆள் முதன்முதலில் குடித்த நுரைக்கிற பானம் சோடா இல்லை, கள். பனையில் இருந்து இறக்கிய பதநீரைச் சும்மா விட்டால் ஈஸ்ட் வேலையைத் தொடங்கும், சீனியைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் விடும். முட்டியின் வாயில் நிற்கிற நுரை அந்த வாயுதான். முட்டிக்குள்ளே சுண்ணாம்பு பூசிவிட்டால் ஈஸ்ட் அடங்கிவிடும், கருப்பணி இனிப்பாகவே இருக்கும். ஒரே மரம், ஒரே ஆள், சுண்ணாம்பு மட்டும்தான் வித்தியாசம். ஆனால் ஒன்றைக் குடித்தால் மரியாதை, மற்றதைக் குடித்தால் கெட்ட பேர். இரண்டையும் இறக்கித் தந்தவரைப் படலைக்கு உள்ளே விடுகிறதில்லை.

இங்கிலாந்திலும் சோடா மதுச்சாலையில்தான் பிறந்தது. 1767 இல் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ற்லி என்ற பாதிரியார் ஒரு பியர் வடிசாலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். நொதிக்கிற தொட்டிக்கு மேலே ஒரு வாயு படர்ந்து நிற்பதைப் பார்த்து, அதற்குள் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் இருந்து மற்றதுக்கு மாறி மாறி ஊற்றினார். தண்ணீர் மெல்லிய புளிப்போடு நுரைத்தது. 1772 இல் அதைச் செய்யும் முறையைச் சின்னப் புத்தகமாக வெளியிட்டார். கப்பலோட்டிகளுக்கு வருகிற ஸ்கேர்வி என்ற முரசு அழுகும் நோய்க்கு இந்தத் தண்ணீர் மருந்தாகும் என்பது அவருடைய நம்பிக்கை. அது பிழை. சரியான விடையை 1747 இலேயே ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் கண்டிருந்தார். பன்னிரண்டு நோயாளிகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு சோடிக்கும் வேறு வேறு சாமான் கொடுத்துப் பார்த்ததில், தோடம்பழமும் எலுமிச்சையும் சாப்பிட்ட இரண்டு பேர்தான் கெதியாய் எழும்பினார்கள். ஆக, புளிப்பும் நுரையும் ஐரோப்பியக் கப்பல்களில் ஒரே நோய்க்குப் போட்டி மருந்துகளாக நின்றிருக்கின்றன. இரண்டையும் ஒரு கிளாசில் கலந்தால் குடிக்க நல்லாய் இருக்கும் என்றது பிறகு வந்த யோசனை. சாம்ராச்சியம் என்கிறது துவக்கும் பீரங்கியும் மட்டுமில்லை, கப்பலில் இருக்கிறவனுக்குப் பல்லு விழாமல் பாக்கிறதும்தான்.

1783 இல் ஜெனீவாவில் ஜேக்கப் ஸ்வெப் இதை வியாபாரமாக்கினார். 1872 இல் ஹைரம் கொட் என்ற ஆங்கிலேயர் ஒரு போத்தலுக்குக் காப்புரிமை எடுத்தார். கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் குண்டு இருக்கும், உள்ளே இருக்கிற வாயுவே அதை மேலே தள்ளி றப்பர் வளையத்தோடு இறுக்கி வாயை மூடும். தமிழ்நாட்டில் அது கோலி சோடா. எங்கட ஊரில அந்தக் குண்டுக்குப் பேர் போளை. இங்கிலாந்தில் எப்போதோ மறைந்துபோன அந்தப் போத்தல் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடையில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

ஆனால் சோடா மட்டும் இருந்தால் போதாது, ஐஸ் வேணும். இது வெறும் சொகுசுக் கதை இல்லை, இரசாயனம். சாதாரண அமுக்கத்தில் பூச்சியம் பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய 1.7 லீற்றர் காபனீரொட்சைட்டைத் தனக்குள் பிடித்து வைக்கும். முப்பது பாகையில் 0.7 லீற்றர்கூட நிற்காது. சித்திரை வெயிலில் 33, 34 பாகை அடிக்கிற ஊரில் சோடாவை உடைத்தால் பாதி உயிர் அந்தக் கணத்திலேயே போய்விடும். அதனால் நுரையின் சரித்திரம் ஐஸின் சரித்திரத்தோடு ஒட்டியது. 1833 இல் பிரெடெரிக் ரியூடர் என்ற அமெரிக்க வியாபாரி பொஸ்ரன் பக்கத்துக் குளங்களில் வெட்டிய ஐஸ்கட்டிகளை மரத்தூளில் பொதிந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். சென்னையில் 1842 இல் அவருடைய ஐஸைச் சேமிக்கக் கட்டிய ‘ஐஸ் ஹவுஸ்’தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். கொழும்பில் 1866 இல் ஐஸ் கொம்பனி ஒன்று தொடங்கியது. இப்ப நாங்கள் நெக்ரோவும் கிறீம் சோடாவும் வாங்கிக் குடிக்கிற எலிபன்ற் ஹவுஸின் பூர்வீகம் அதுதான். ஐஸ் வித்த கொம்பனி சோடாவும் வித்தது, பிறகு ஐஸ்கிறீமும் வித்தது. ஒழுங்கான வரிசை.

இனித்தான் நான் உண்மையில் எழுத வந்த விசயம். குடிக்கிறது என்ன என்றதைவிட, எதில் குடிக்கிறது என்றது.

பாத்திரங்களை வரிசையாக யோசித்துப் பாருங்கள். கள்ளுக்கும் கூழுக்கும் பனையோலைப் பிளா. சிரட்டை. வெள்ளோட்டு மூக்குப்பேணி. கண்ணாடிக் கிளாஸ். சோடாப் போத்தல். இப்ப பிளாஸ்ரிக் கப். மூக்குப்பேணியை இன்றைக்கு நாங்கள் பாரம்பரியம் என்று கொண்டாடுகிறோம். கலியாண வீட்டு வாசலில் வைக்கிறோம், இன்ஸ்ராகிராமில் போடுகிறோம், வெளிநாட்டில் இருந்து வருகிற மாமாமார் இரண்டு வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த மூக்கு எதற்கு? வாய் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்க. எச்சில் படாத, துப்பரவான, கெட்டித்தனமான ஏற்பாடு என்று சுகாதாரப் பாடத்தில் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அந்த மூக்குப்பேணியையும் எல்லாருக்கும் நீட்டவில்லை. முற்றத்துக்கு அப்பால் நின்றவருக்குச் சிரட்டை, அல்லது குவித்த கையில் மேலே இருந்து ஊற்றுகிற தண்ணீர். ஊற்றுகிறவரின் செம்புக்கும் குடிக்கிறவரின் கைக்கும் இடையில் இருந்த அந்த ஒரு முழத்தைத்தான் எங்கட சமூகம் ஒழுங்கு என்று சொல்லிக்கொண்டு இருந்தது.

தேநீர்க் கடை வந்தபோது இந்த ஒழுங்குக்குச் சிக்கல் வந்தது. கடை என்றால் காசு கொடுத்தவனுக்குச் சாமான். ஆனால் யாழ்ப்பாணத்துக் கடைகள் காசை வாங்கின, கிளாசைக் கொடுக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிக்காரர் வெளியில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நிலத்தில் குந்த வேண்டும். அவர்களுக்குத் தனிப் பாத்திரம். ஓரிடத்தில் சிரட்டை, ஓரிடத்தில் தகரப்பேணி, ஓரிடத்தில் வெறும் சோடாப் போத்தல். சோடாப் போத்தலின் கதை இந்த இடத்தில் விசித்திரமாகிறது. வட இந்தியாவில் சோடாவுக்கு ‘விலாயத்தி பானி’, சீமைத் தண்ணீர் என்று பெயர் இருந்தது. இயந்திரம் நிரப்பி அடைத்த போத்தல், அதில் யாருடைய கையும் படவில்லை என்று ஆசாரக்காரர் மனதைத் தேற்றிக்கொள்ள வசதியான பானம். அதே போத்தல் வெறுமையானதும், மற்றவர் தொட்ட கிளாசை இவர் தொடக்கூடாது என்பதற்காகச் சுடுதேநீர் ஊற்றிக் கொடுக்கும் பாத்திரமாகிவிடுகிறது. மூடியிருக்கும்போது மேல்சாதிக்குப் பாதுகாப்பு. திறந்த பிறகும் மேல்சாதிக்குத்தான் பாதுகாப்பு.

தமிழ்நாட்டில் இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் உண்டு. நாடார்கள் கமுதிக் கோயிலுக்குள் போனது 1897 இல். அதற்கு எதிராகப் போடப்பட்ட வழக்கில், இலண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908 இல் தோற்றார்கள். எட்டு வருடம் கழித்து, 1916 இல், விருதுநகரில் ஒரு நாடார் வியாபாரி தொடங்கியதுதான் காளிமார்க் சோடாக் கொம்பனி, பொவொன்ரோ விற்கிற அதே கொம்பனி. கோயிலுக்குள் விடமாட்டோம் என்றவர்களும் அந்தச் சோடாவை வாங்கிக் குடித்திருப்பார்கள் என்று நினைக்க எனக்குக் கொஞ்சம் சந்தோசம்.

எங்கட பக்கம் அப்படி வியாபாரத்தால் வந்த மாற்றம் குறைவு, சண்டை பிடித்துத்தான் வாங்க வேண்டி இருந்தது. 1920களில் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ்காரர் சாதி பாராமல் ஒன்றாக இருந்து சாப்பிடுவதைக் கொள்கையாக வைத்திருந்தார்கள். 1927 இல் காந்தியைக் கூட்டிக்கொண்டு வந்ததும் அவர்கள்தான். அதே தசாப்த முடிவில் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைக்கும் சம ஆசனம் என்ற உத்தரவு வந்தபோது, பள்ளிக்கூடங்களைக் கொளுத்தியதும் இதே யாழ்ப்பாணம்தான். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்து, கடையில் சாதி பார்த்து மறுப்பது குற்றமானது. சட்டம் வந்ததே தவிர கிளாஸ் வரவில்லை. 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிஸ் அடித்தது. அடுத்த வருடம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. சங்கானையிலும் மற்ற இடங்களிலும் தேநீர்க் கடைகளுக்குள் ஆட்கள் கூட்டமாகப் போய், வாங்கிலில் இருந்து, கிளாசில் தேத்தண்ணி கேட்டார்கள். உயிர்கள் போயின. ஒரு பிளேன்ரீயை மற்ற எல்லாரும் குடிக்கிற கிளாசில குடிக்கிறதுக்கு. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசல் போராட்டம்.

டொமினிக் ஜீவாவின் முதல் கதைத் தொகுதி, சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது, அதன் பெயர் ‘தண்ணீரும் கண்ணீரும்’. கே. டானியல் ஒரு நாவலுக்கு ‘தண்ணீர்’ என்றே பெயர் வைத்தார். 1972 இல் வந்த அவருடைய பெயர்பெற்ற நாவல் ‘பஞ்சமர்’. பிரையரின் விளக்கத்தில் எனக்கு ஏன் விருப்பம் என்று கேட்டால் காரணம் இதுதான். வெள்ளைக்காரனின் பஞ்ச் ஐந்து சாமானின் கலவை. கோயிலில் அபிசேகத்துக்குப் பிறகு கையில் தருகிற பஞ்சாமிர்தமும் ஐந்தின் கலவை. பஞ்சமர் என்றால் நாலு வருணத்துக்குள் சேர்க்காமல் ஐந்தாவதாக வெளியில் விடப்பட்டவர்கள். ஒரே சொல் இரண்டு இடத்தில் கலக்கிறது, ஒரு இடத்தில் பிரிக்கிறது. பஞ்சாமிர்தத்தை வாங்கப் பஞ்சமருக்கு 1968 வரைக்கும் அதற்குப் பிறகும் வாசல் திறக்கவில்லை என்று ஒரே வரியில் எழுதிப் பார்த்தால்தான் அது எவ்வளவு கேவலம் என்று விளங்குது.

தண்ணீர்ப் பந்தலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எங்கட ஊருக்கென்று ஒரு பஞ்ச் சட்டி இருக்குமானால் அது தண்ணீர்ப் பந்தல் கிடாரம்தான். நல்லூரில் இருபத்தைந்து நாள், சந்நிதியில், வல்லிபுரத்தில், தேருக்கும் தீர்த்தத்துக்கும் சனம் வெயிலில் காய்ந்துகொண்டு வரும். மோர், சர்க்கரைத் தண்ணி, ஊறுகாய்த் தண்ணி, சர்பத். ஊறுகாய்த் தண்ணியைக் கேலி பண்ணாதீர்கள். தேசிக்காயும் உப்பும் தண்ணீரும், வியர்த்து வந்தவருக்கு அதைவிட நல்ல சாமான் கடையில் இல்லை. இப்ப அங்க யாரும் சாதி கேக்கிறதில்லை, எல்லாருக்கும் ஒரே பிளாஸ்ரிக் கப். ஒருக்கால் யோசித்தேன், பிளாஸ்ரிக் கப் சாதியை ஒழித்ததா, இல்லை, ஒரே கிளாசை ரெண்டு பேர் தொட வேண்டிய தேவையையே இல்லாமல் செய்து அந்தக் கேள்வியில் இருந்து எல்லாரையும் தப்ப விட்டதா என்று. சில வீடுகளில் வேலைக்கு வருகிறவருக்கு இன்றைக்கும் தனிக் கப் இருக்குது. எந்த வீடுகள் என்று வாசிக்கிறவர்களுக்கும் தெரியும்.

1990 இல் ஐஸ் போனது. யூன் மாதம் சண்டை திரும்பத் தொடங்க, மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. குளிர்சாதனப் பெட்டி உடுப்பு வைக்கிற அலுமாரியானது. சீனி விலைக்குப் பயந்து பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்த காலம் அது. அதே வருடம் ஒக்டோபர் 30, சோனகர் தெருவில் இருந்த முஸ்லிம் சனத்தை இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சர்பத் என்ற சொல்லை மதத்தோடும் நோன்போடும் வைத்திருந்த ஒரு அயல், பின்னேரத்துக்குள் வெறுமையானது. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 இல் அதே ஒக்டோபர் 30, வலிகாமத்துச் சனம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அந்த இரவு மழைத் தண்ணியைக் குடையை விரித்துப் பிடித்து ஏந்திப் பிள்ளையளுக்குக் குடுத்த கதையை எங்கட வீடுகளில இன்னும் சொல்லுவினம். முதல் கதையைச் சொல்லுறது குறைவு.

தோலகட்டியை இங்கே நினைக்க வேணும். 1928 இல் தொடங்கிய செபமாலைத் தாசர் ஆச்சிரமம். அங்கே துறவிகள் செய்த நெல்லி ரசத்துக்கும் முந்திரிகைப் பழ ரசத்துக்கும் யாழ்ப்பாணம் முழுக்கப் பெயர். சோடா இல்லாமல், சீமைச் சரக்கு இல்லாமல், இந்த மண்ணில் விளைந்த புளிப்பையும் துவர்ப்பையும் பாகில் போட்டு வைக்கலாம் என்று காட்டியவர்கள். வெளிநாட்டுக்குப் போகிற பொதிகளில் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் இன்றைக்கும் ஒரு நெல்லி ரசப் போத்தல் இருக்கும்.

இப்ப மே மாதம் வந்தால் எங்கட றோட்டில் இரண்டு கிடாரம் வைக்கிறார்கள். வெசாக்குக்கு ஆமிக் காம்ப் வாசலில் தன்சல், குளிர்ந்த பானமும் ஐஸ்கிறீமும். பதினெட்டாம் திகதியை ஒட்டி முள்ளிவாய்க்கால் கஞ்சி, அரிசியும் உப்பும். முதலாவதைக் குடிக்கச் சொல்லி மறித்துத் தருவார்கள். இரண்டாவதைக் கொடுத்ததற்காக 2024 மே மாதம் சம்பூரில் ஒரு பல்கலைக்கழக மாணவி உட்பட நாலு பேரைப் பொலிஸ் பிடித்தது. வெயில் எல்லாருக்கும் ஒரே வெயில். தன்சலில் வாங்கிக் குடிக்கிறவரை நான் குறை சொல்ல மாட்டேன், தாகத்துக்குக் கொள்கை இல்லை. எனக்குச் சரியாய்ப் படாதது என்னவென்றால், ஒரு கிடாரத்துக்குச் சோடனை லைற், மற்றதுக்கு வழக்கு.

கடைசியாகச் செய்முறை. முப்பது பேருக்கு. நல்லாய்ப் பழுத்த, தோல் மெல்லிய தேசிக்காய் இருபத்தைந்து எடுத்தால் ஏறக்குறைய அரை லீற்றர் சாறு வரும். பிழிய முதல் பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுங்கள். விதையோடு நசித்தால் கைக்கும். எழுநூறு கிராம் சீனியை ஒரு லீற்றர் தண்ணீரில் காய்ச்சி, தட்டின இஞ்சித் துண்டு போட்டு ஆறவிட்டு வடித்துக்கொள்ளுங்கள், பாதிச் சீனிக்குப் பதில் பனங்கற்கண்டு போட்டால் மணம் வேற. சாறு, பாகு, கால் தேக்கரண்டி உப்பு, மூன்றையும் கலந்து ஒரு இரவு பிரிஜ்ஜில் வையுங்கள். சோடா நாலு லீற்றர், அதுவும் குளிர்ந்திருக்க வேணும், பரிமாறுகிற நேரம் சட்டியின் ஓரத்தால் மெல்ல ஊற்றுங்கள். முதலே ஊற்றிவைத்தால் நுரை உங்களைக் காத்துக்கொண்டு நிற்காது. சோடா கிடைக்காவிட்டால் ஒரு கிளாசுக்குக் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவைக் கடைசியாகப் போடலாம், தேசிப்புளியோடு பட்டதும் பொங்கும், ஆனால் உப்புக் கரிக்கும், அதனால் மேலதிக உப்பு வேண்டாம். பிளாஸ்ரிக் கப் வாங்காதீர்கள். வீட்டுக்கு வீடு கேட்டுக் கண்ணாடிக் கிளாஸ் சேருங்கள், எல்லாவற்றையும் ஒரே வாளியில் கழுவுங்கள்.